டொக்டர் தியாகராஜாவின் மூன்றாவது அறிக்கை

கணவன் வாமதேவனின் துயரம் முடிந்துவிட்டது என்று வழக்கறிஞர் பிரவீணன் சொன்னபோது கமலேஸ்வரி ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அது சட்டப்படிதான் முடிந்திருக்கிறது என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது.

"அண்ணையின்ர கஷ்டம் எல்லாத்தையும் பாவிச்சு முடிச்சிட்டம் அக்கா," என்றான் அவன். "அகதி விசாரணையில முதல் தரம் திகதியெல்லாம் சரியாச் சொன்னார். பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் எண்டு எழுதிப்போட்டாங்கள். ரெண்டாந்தரம் திகதி பிசகிப்போச்சு. பொய் சொல்லுறார் எண்டாங்கள். மூண்டாந்தரம் வாயே திறக்கேல்லை. ஒத்துழைக்கேல்லையாம்."

"அப்ப இனி?"

"இனி உங்கட கவலைதான். நீங்கள் பிறிட்டிஷ் பிரஜை. உங்கட கவலைக்குத்தான் இஞ்ச மதிப்பு."

கமலேஸ்வரி லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் கார் ஓட்டப் பழக்குகிறவள். முதல் நாளே பஸ்ஸின் முன்னால் திருப்புகிற ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரல் உயராமல் "பரவாயில்லை, இனி மெதுவா" என்று சொல்லிப் பழகியவள். முகத்தில் எதையும் காட்டாமலிருப்பது அவளுக்குத் தொழில். வாமதேவன் பாரிஸிலிருந்து வந்தவன். அங்கும் அகதி அந்தஸ்து மறுக்கப்பட்டு, இங்கும் மறுக்கப்பட்டு, வேலை செய்ய அனுமதியில்லாமல் வீட்டில் இருந்தான். சமைத்தான், துவைத்தான், அவள் வேலையால் வரும்போது தேத்தண்ணி போட்டு வைத்தான். இனி அவனை இந்த நாட்டில் வைத்திருக்க ஒரு வழிதான் இருந்தது. அவன் போனால் அவள் உடைந்துபோவாள் என்று ஒரு நிபுணர் எழுதித் தர வேண்டும்.

அந்த நிபுணர் குரொய்டனில் இருந்தார். பிரிவுத்துயர் மதிப்பீட்டு நிலையம் என்று பெயர். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்கள் பிரியிறவரோ, பிரியப்படுறவரோ?"

"நான் மனிசி," என்றாள் கமலேஸ்வரி.

"அப்ப பிரியப்படுறவர். அங்கால இருங்கோ."

நிலையத்தின் தலைவர் டொக்டர் தியாகராஜா. தமிழர் துயரத்தில் லண்டனிலேயே அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்று அவரே எழுதிய நூல் ஒன்று மேசையில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நீல நிறக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"உங்கட மனிசனை அனுப்பினால் உங்களுக்கு எப்பிடி இருக்கும், தங்கச்சி?"

"கவலையா இருக்கும்."

டொக்டர் காத்திருந்தார். அவள் யோசித்துவிட்டு, "நல்ல கவலையா இருக்கும்," என்றாள்.

டொக்டர் டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். கமலேஸ்வரி ஒன்றை எடுத்து, மேசையில் அவர் சிந்தியிருந்த கோப்பியைத் துடைத்துவிட்டு, குப்பைக் கூடை எங்கே என்று தேடினாள். டொக்டர் ஏதோ குறித்துக்கொண்டார்.

"வடிவாக் கேளுங்கோ, தங்கச்சி. சட்டத்தில துயரம் மூண்டு வகை. சாதாரணம், கடுமை, மிதமிஞ்சிய கடுமை. சாதாரணம் எண்டது ஆருக்கும் வாறது. நாய் செத்தாலும் வரும். கடுமை எண்டால் பெண்சாதிக்குப் புருஷன் இல்லாமல்போனால் வாறது. அது நியாயமான துயரம் எண்டு அரசாங்கம் ஏற்றுக்கொள்ளுது. ஏற்றுக்கொண்டு ஆளை அனுப்பிப்போடும். மிதமிஞ்சின கடுமைக்கு மட்டும்தான் ஆளை அனுப்பாது. நீங்கள் இப்ப நாய்க்கும் புருஷனுக்கும் இடையில நிக்கிறியள்."

"அப்ப நான் என்ன செய்ய வேணும்?"

"நான் ஒண்டும் சொல்லித்தரக் கூடாது. அது தொழில் தர்மம். அடுத்த கிழமை இதைவிட மோசமா வாங்கோ."

அடுத்த கிழமை அவள் மோசமாகப் போனாள். காரிலேயே அழுதுகொண்டு போய், அழுதுகொண்டே உள்ளே நுழைந்தாள். டொக்டர் முகம் மலர்ந்தது. பேனையைத் திறந்துகொண்டு, "இப்ப ஆரை நினைச்சு அழுறியள்?" என்று கேட்டார்.

கமலேஸ்வரிக்குப் பொய் வராது. "அப்பாவை," என்றாள். "போன வருஷம் கொழும்பில மோசம் போனவர். செத்தவீட்டுக்குப் போக ஏலாமப் போச்சு."

டொக்டர் பேனையை மூடினார். "அது வேற துயரம். இந்தக் கேஸில சேராது."

அதற்குப் பிறகு அவர் வீட்டைப் பார்க்க வந்தார். ஒருவரில் ஒருவர் எவ்வளவு சார்ந்திருக்கிறார்கள் என்பதை நேரில் கவனிப்பதற்காம். வாமதேவன் ஆட்டிறைச்சிக் கறி வைத்து, புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்திருந்தான். டொக்டர் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு கமலேஸ்வரியிடம், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் மூன்று அலுமாரிகளைத் திறந்து பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை.

"அற்புதம்," என்றார் டொக்டர். "நீங்கள் அவரில முழுக்கச் சார்ந்திருக்கிறியள்."

"நானும் அவவிலதான் சார்ந்திருக்கிறன், டொக்டர்," என்றான் வாமதேவன்.

"உங்களை நான் கேக்கேல்லை. நீங்கள் பிரஜை இல்லை."

கடைசிச் சோதனை, பிரித்துப் பார்ப்பது. வாமதேவனைக் கொஞ்ச நாள் வேறு இடத்தில் வைத்துவிட்டு, மனைவி எப்படிச் சரிந்துபோகிறாள் என்று அளக்க வேண்டும். வாமதேவன் மனோர் பார்க்குக்குப் போனான். பாரிஸில் அவனோடு ஒரே அறையில் இருந்த றமணன் அங்கே பிளம்பர் வேலை செய்துகொண்டு முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு வீட்டில் இருந்தான். கமலேஸ்வரியின் கையில் நித்திரையை அளக்கும் பட்டி ஒன்றை நிலையத்தில் கட்டிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கமலேஸ்வரி இரவுகளில் தூங்கியதில்லை. வாமதேவன் நித்திரையில் கத்துவான். "ஷெல் வருது, குனி!" என்று கத்திக்கொண்டு, பக்கத்தில் படுத்திருப்பவரை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, மேலே தன் உடம்பால் மூடிக்கொள்வான். "தம்பி, தலையைத் தூக்காதை" என்று விடியும்வரை கெஞ்சுவான். முள்ளிவாய்க்காலில் அவனுடைய தம்பி பதுங்குகுழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவன். விடிந்தால் வாமதேவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஆனால் அவளுடைய கையில் கன்றிப்போயிருக்கும் கண்டலைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். "இதை வெளியில ஆருக்கும் சொல்லாதை கமலம். விசர் எண்டு எழுதிப்போடுவாங்கள்," என்று சத்தியம் வாங்கியிருந்தான். அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கார் பழக்கினாள்.

அதனால் அவன் மனோர் பார்க்கில் இருந்த நாட்களில் கமலேஸ்வரி தூங்கினாள். வருஷக்கணக்கான தூக்கம். பட்டி அத்தனையையும் பதிந்துகொண்டது.

டொக்டர் முகத்தைச் சுழித்தார். "என்ன இது? புருஷன் இல்லாட்டி நல்லாப் படுத்தெழும்புறியள்."

"அவர் இரவில சத்தம், டொக்டர்."

"குறட்டையோ?"

கமலேஸ்வரி வாயைத் திறந்தாள். சத்தியம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

"குறட்டை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் டொக்டர்.

இருந்தும் அறிக்கை மோசமில்லை. அவளுடைய துயரம் மிதமிஞ்சிய கடுமைக்கு மிக அருகில் இருப்பதாகவும், கணவன் உண்மையாகவே போய்விட்டால் அந்த எல்லையைத் தாண்டக்கூடும் என்றும் இருந்தது. பிரவீணன் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். "இது காணும் அக்கா!"

விசாரணை நாள் வந்தது. காலையில் டொக்டர் தியாகராஜா நீலக் கழுத்துப்பட்டியோடு எழுந்து, இந்தப் பெண்மணி ஆழமான, அமைதியான, தமிழ்ப் பண்பாட்டுக்கேயுரிய துயரத்தில் இருக்கிறார் என்று சாட்சி சொன்னார். கமலேஸ்வரிக்கே தன்னை நினைத்துக் கவலையாக இருந்தது. அவர் இறங்கினார். அடுத்து அரசுத் தரப்பு வழக்கறிஞர் தன் நிபுணரை அழைத்தார். டொக்டர் தியாகராஜா சாம்பல் நிறக் கழுத்துப்பட்டியோடு மறுபடி ஏறினார்.

இந்தப் பெண்மணி, என்றார் அவர், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். கணவரில் அவர் சார்ந்திருப்பது உணவு விஷயத்தில் மட்டுமே. தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்ச் சாப்பாட்டுக்கடைகள் நிறைய இருப்பதால் கணவர் ஈடுசெய்யப்படக் கூடியவர். கணவரின் குறட்டையிலிருந்து விடுபட்டபின் அவருடைய நித்திரை குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது. நாடு கடத்தல் அவருக்கு நன்மை தரும்.

நீதிபதி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"நீங்கள் காலையில் வந்தவர்தானே?"

"ஆம், மேடம். எங்கள் நிலையத்தில் முன்வாசல் விண்ணப்பதாரர்களுக்கு. பின்வாசல் அரசுக்கு. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முழுமையான சுதந்திரம்."

"சுவருக்கு இரண்டு பக்கமும் நீங்களா?"

"இந்தத் துறையில் தகுதியானவர்கள் மிகக் குறைவு, மேடம்."

"இரண்டு அறிக்கையில் எதை நீங்கள் நம்புகிறீர்கள்?"

டொக்டர் புன்னகைத்தார். பாமரர்கள் கேட்கும் கேள்வி. "நான் எதையும் நம்புவதில்லை, மேடம். நம்பத் தொடங்கினால் நிபுணத்துவம் போய்விடும். விண்ணப்பதாரர் கேட்டபோது அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னேன். அரசு கேட்டபோது அரசின் கேள்விக்கு. இரண்டும் விஞ்ஞானபூர்வமானவை. முப்பது வருடமாக ஒரு தரப்பும் என்னில் குறை கண்டதில்லை."

"இந்த நீதிமன்றம் கேட்டால்?"

"அதற்கு மூன்றாவது அறிக்கை எழுத வேண்டும்."

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். நடைபாதையில் வாமதேவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய நித்திரையில் தம்பி சாகிற சத்தத்துக்கு ஒரு சபை முழுக்கக் கேட்கக் குறட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கமலேஸ்வரியின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ. அந்த ஆளை எங்கட வீட்டில கொண்டுவந்து படுக்கவிடப்போறன்."

வாமதேவன் நிமிர்ந்தான். "ஆரை?"

"டொக்டரை. உங்களுக்குப் பக்கத்தில."

அவனுக்கு மெல்ல விளங்கியது. "கமலம், எனக்கு வெக்கம்."

"உங்களுக்கென்ன வெக்கம்? இவ்வளவு நாளும் நீங்கள் வெக்கப்பட்டியள், நான் மறைச்சன். குறட்டை எண்டு எழுதிட்டு நிக்கிறார், பாருங்கோ."

"இது கேஸுக்கோ, பழிக்கோ?"

"ரெண்டுக்கும்தான்," என்றாள். "முதல்ல பழிக்கு."

அவன் அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தான். பிறகு, "சரி. வரட்டும்," என்றான்.

இடைவேளை முடிந்ததும் கமலேஸ்வரி எழுந்து நின்றாள். பிரவீணன் அவளுடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தும் இருக்கவில்லை. டொக்டர் அவளுடைய நித்திரையைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு இரவும் தங்கள் வீட்டில் இருந்ததில்லை. மூன்றாவது அறிக்கை எழுதுவதானால் அவள் படுக்கிற இடத்தில் ஒரு கிழமை படுத்துப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றாள். நீதிபதி டொக்டரைக் கேட்டார். டொக்டருக்கு ஆட்டிறைச்சிக் கறி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நேரடி அவதானம்தான் தன்னுடைய நூலில் மிக உயர்ந்த முறையாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்று பெருமையோடு சொன்னார். நீதிபதி அதைக் கட்டளையாக்கினார்.

டொக்டர் பட்டுப் பைஜாமாவோடும் காதடைப்பானோடும் வந்தார். கமலேஸ்வரி காதடைப்பானைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நான் இது போடுறேல்லை, டொக்டர்." தான் அடுத்த அறையில் பாய் விரித்தாள்.

காலையில் குசினிக்குள் வந்த டொக்டரின் பைஜாமாவில் தூசியும் சிலந்தி வலையும் இருந்தன. ஒரு பக்கக் கன்னத்தில் கம்பளத்தின் கோடுகள் பதிந்திருந்தன. வாமதேவன் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தான்.

"நித்திரை வந்ததோ, டொக்டர்? சம்பல் கொஞ்சம் கூடப் போடட்டோ?"

டொக்டர் அவனைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. கமலேஸ்வரியிடம் திரும்பினார். "கூப்பிட்டனே, தங்கச்சி. எத்தினை தரம் கூப்பிட்டன். கேக்கேல்லையோ?"

"கேட்டது," என்றாள் கமலேஸ்வரி.

"ஏன் வரேல்லை?"

"நான் வந்தால் உங்கட அவதானம் குழம்பிப்போகும். தொழில் தர்மம்."

கேட்டது உண்மைதான். சுவருக்கு அந்தப் பக்கம் டொக்டர் முதலில் ஆங்கிலத்திலும், பிறகு தமிழிலும், கடைசியில் தன் தாயின் பெயரைச் சொல்லியும் கூப்பிட்டதை அவள் பாயில் எழும்பி இருந்தபடி ஒன்றும் விடாமல் கேட்டாள். வாமதேவன் "தம்பி, தம்பி" என்று அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக் கெஞ்சியபோது மட்டும் ஒருமுறை கதவுப்பிடிவரை போனாள். கையை வைத்தாள். எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் டொக்டருக்கு மேலே விமானம் போனால் குனிகிற பழக்கம் வந்துவிட்டது. தன்னை விடுவிக்கும்படி நீதிமன்றத்துக்கு எழுதினார். உடல்நிலை சரியில்லை என்றால் தகுதியுள்ள நிலையம் ஒன்றின் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. தகுதியுள்ள நிலையம் ஒன்றுதான் இருந்தது. அவர் தன்னுடைய நிலையத்துக்கே, முன்வாசலால் போய், வரவேற்பில் இருந்தார். அவரிடமே தொழில் பழகிய டொக்டர் லோஜினி அவரை மதிப்பிட்டாள்.

"எப்பிடி இருக்கு, சேர்?"

"ஏலாது, பிள்ளை. ஏலவே ஏலாது."

"காலமை சாப்பிட்டனீங்களோ?"

"இடியப்பம்..."

"எத்தினை?"

டொக்டர் விரல்களை மடக்கி எண்ணினார். லோஜினி எழுதினாள். பசி இயல்பு. உடை ஒழுங்கு. கேள்விகளுக்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறார். அழுதார், ஆனால் சரியான இடைவெளிகளில். துயரம்: சாதாரணம். அவர் நூலின் பக்க எண்ணையும் அடியில் குறிப்பிட்டாள். இதைவிட மோசமாக ஆனால் மறுபடி வரலாம் என்றாள். டொக்டர் தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பிப்போய் மிச்ச நாட்களையும் கட்டிலுக்குக் கீழே கழித்தார்.

மறுபடி விசாரணைக்கு வந்தபோது அவர் கழுத்துப்பட்டியே கட்டியிருக்கவில்லை. மூன்றாவது அறிக்கையில் ஒரு வரிதான் இருந்தது. அதை அவர் வாசிக்காமல், நீதிபதியை நேரே பார்த்துச் சொன்னார்.

"அந்த மனிதனை அனுப்ப வேண்டாம், மேடம். அங்கே அவனை யார் பிடித்துக்கொள்வது?"

அரசுத் தரப்பு வழக்கறிஞர் பாய்ந்து எழுந்தார். "டொக்டர், உங்கள் கழுத்துப்பட்டியைக் காணவில்லை. நீங்கள் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா?"

"ஆம்."

"நேரில் அனுபவித்திருக்கிறீர்கள்?"

"ஆம். ஆம்."

"இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது?"

"இருக்கிறது."

"அப்படியானால் நீங்கள் நிபுணர் இல்லை. நன்றி."

டொக்டர் தியாகராஜாவின் மூன்று அறிக்கைகளும் நீக்கப்பட்டன. முதல் இரண்டும் எழுதியவர் எதையும் நம்பாததால். மூன்றாவது, நம்பியதால். பிரவீணன் தலையில் கையை வைத்துக்கொண்டான். மேசையில் ஒன்றுமே இல்லாமல் போனதால் நீதிபதிக்கு வேறு வழி இருக்கவில்லை. கமலேஸ்வரியிடமே கேட்டார். அவள் எதை உணர்கிறாள் என்று அவளிடம் ஒருவர் மதிப்பெண் போடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கணவர் இல்லாதபோது நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள். அது உண்மையா?"

"உண்மை," என்றாள் கமலேஸ்வரி. "அவர் மனோர் பார்க்கில் இருந்தார். றமணன் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்வார் என்று தெரியும். அதனால் தூங்கினேன். அவர் இலங்கையில் ஒரு அறையில் தனியாகக் கத்துகிறார், பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்றால், எனக்கு இங்கே எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும்." சட்டைக் கையை மடித்துக் கண்டலைக் காட்டினாள். "இது அவர் என்னை அடித்த அடி இல்லை. நித்திரையில் அவருடைய தம்பிக்கு ஷெல் படாமல் அவர் தடுத்தது. இதை வைத்து அவரைப் பைத்தியம் என்று எழுதாதீர்கள்."

நீதிபதி எழுதவில்லை. சில கிழமைகளில் வாமதேவனுக்கு அனுமதி வந்தது. இரண்டரை வருடத்துக்கு. அது முடிந்ததும் கமலேஸ்வரியின் துயரம் இன்னும் அதே அளவில் இருக்கிறதா என்று திரும்பப் பரிசீலிப்பார்களாம்.

அனுமதி கிடைத்ததால் வாமதேவனுக்குப் பழகுநர் லைசென்ஸும் கிடைத்தது. ஒரு நாள் மழையில் அவன் ஓட்ட, கமலேஸ்வரி பக்கத்தில் இருந்தாள். குரொய்டன் வீதியில், கூரை இல்லாத பஸ் தரிப்பில், டொக்டர் தியாகராஜா குடையில்லாமல் நின்றார். தலைக்கு மேலே போன விமானத்தின் சத்தத்துக்கு அவருடைய தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கின.

"பாவம் அந்த மனிசன். மெலிஞ்சுபோனார்," என்றான் வாமதேவன். வேகத்தைக் குறைத்தான். "ஏத்திக்கொண்டு போவமே?"

"சிக்னல் போடாதேங்கோ. நேர போங்கோ."

"கேஸ் முடிஞ்சுதுதானே, கமலம்?"

"கேஸ் முடிஞ்சுது," என்றாள் கமலேஸ்வரி, குரல் உயராமல். "மற்றது இன்னும் முடியேல்லை. இடப்பக்கமாப் பிடியுங்கோ, அவர் நிக்கிற பக்கம்தான். அங்க தண்ணி தேங்கி நிக்குது."